மலைக்குளிரில் கைப்பட்டை உணரிகள்: ஓபியாய்டு விலகலை எது காட்டும், எது ஏமாற்றும்?

#1 குன்னூர்_செவிலியர்

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு சிறிய வெளிநோயாளர் பிரிவில் ஓபியாய்டுப் பழக்கத்துக்கு நாக்கின் கீழ் வைக்கும் பியூப்ரெனார்ஃபின்–நலாக்சோன் மாத்திரைச் சிகிச்சை தொடங்கவிருக்கும் 20 பேருக்கு உணரிப் பட்டை கட்டி ஆறு வாரம் கவனிக்கும் திட்டம் வரைவில் இருக்கிறது. பெரும்பாலும் தபெண்டடால், டிரமடால் என்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) வலிமாத்திரைப் பழக்கம். பாதிப் பேர் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள்.

நாடித்துடிப்பு, தோல் மின்கடத்தல் (வியர்த்தால் கூடுவது), தோல் வெப்பம், அசைவு ஆகிய நான்கையும் அளக்கும் பட்டை வாங்கலாம் என்று எண்ணம். கேள்விகள் மூன்று. முதல் மாத்திரை கொடுக்கும் நேரத்தை முடிவு செய்யப் பட்டை உதவுமா? கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச் போதுமா? மாத்திரை மேல் எழும் ஏக்கத்தை உணரியால் பிடிக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 கொடை_மனநல_மருத்துவர்

சிஸ்டர், முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். மலையில் ஆபத்து அதில்தான் இருக்கிறது.

பழகிய ஓபியாய்டை நிறுத்தும்போது உடலில் வரும் வேதனைதான் விலகல். அதன் அறிகுறிகளை எண்ணால் சொல்ல நாம் பயன்படுத்துவது கௌஸ் (COWS) அளவுகோல். 11 அம்சம், மொத்தம் 48 புள்ளி. 5 முதல் 12 வரை லேசானது, 13 முதல் 24 வரை நடுத்தரம், 25 முதல் 36 வரை சற்றுக் கடுமை, அதற்கு மேல் கடுமை. கைப்பட்டையால் பார்க்க முடிந்தவை இதில் நான்குதான்: நாடி (4 புள்ளி), வியர்வை (4), இருப்புக்கொள்ளாமை (5), நடுக்கம் (4). ஆக 48இல் 17. கொட்டாவி, கண்பாவை விரிவு, எலும்புக் குடைச்சல், மூக்கொழுகல், வயிற்றுப் பிரட்டல், எரிச்சல், புல்லரிப்பு எல்லாம் பட்டைக்கு வெளியே நிற்கின்றன. பட்டை கௌஸுக்கு மாற்று ஆகவே ஆகாது.

இப்போது ஒரு டிசம்பர் காலை 7 மணிக்கு, ஏற்றம் ஏறி வந்து வெளிவராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். விலகலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கையைத் தடவினால் மயிர் சிலிர்த்திருப்பது தெரிகிறது: 3. மூக்கு ஒழுகுகிறது: 2. குளிரில் கை லேசாக நடுங்குகிறது: 2. நாடி 88: 1. கூட்டினால் 8. பல இடங்களில் முதல் மாத்திரை கொடுக்க ஆரம்பிக்கும் எண்ணே 8தான். அவர் முந்தின இரவு மாத்திரை போட்டிருந்து, நாம் இந்த 8ஐ நம்பிப் பியூப்ரெனார்ஃபின் கொடுத்தால், அது மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளில் (மருந்து ஒட்டும் இடங்களில்) ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மருந்தைத் தள்ளிவிட்டு உட்காரும். அரை மணி முதல் இரண்டு மணிக்குள் கடும் விலகல் வரும். அந்த அனுபவத்துக்குப் பிறகு மறுபடி வராமலே போய்விடுபவர்கள் உண்டு.

அளவுகோலிலேயே இதற்கான எச்சரிக்கை எழுதியிருக்கிறது: வியர்வையை அறை வெப்பத்தாலோ உழைப்பாலோ வந்ததல்ல என்றால்தான் எண்ண வேண்டும், மூக்கொழுகல் சளியாலோ ஒவ்வாமையாலோ வந்ததல்ல என்றால்தான். அவசரத்தில் அந்த வரிகளைத் தாண்டிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது: வந்ததும் சூடான அறையில் உட்கார வைத்து, கம்பளி போர்த்தி, 20 நிமிடம் விடுங்கள். டீ கொடுக்க வேண்டாம், காபியும் சிகரெட்டும் வேண்டாம், மூன்றுமே நாடியைக் கூட்டும். பிறகு நாடியை முழு ஒரு நிமிடம் கையால் எண்ணுங்கள். குளிரால் வந்த சிலிர்ப்பு அடங்கிவிடும். விலகலால் வந்தது கம்பளிக்குள்ளும் வந்து வந்து போகும். அப்போதும் 8க்குக் குறையாமல் இருந்து, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரமாவது ஆகியிருந்தால் மேலே யோசிக்கலாம். மெல்ல மெல்லக் கரையும் நீள்வெளியீட்டு மாத்திரை என்றால் இன்னும் கூடுதல் நேரம். 12 வரை காத்திருப்பது மலையில் எனக்கு உசிதமாகப் படுகிறது.

அறையைச் சூடாக்கக் கரிக்கணப்பு வைக்காதீர்கள், மின்கணப்புதான். மூடிய அறையில் கரிப்புகை உயிரைக் குடிக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். நோயாளி வீட்டிலும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

#3 பட்டைப்_பொறியாளர்

டாக்டர் சொன்னதோடு சேர்த்து, ஒவ்வொரு உணரியும் என்ன பார்க்கிறது, மலையில் எங்கே தடுமாறுகிறது என்று எழுதுகிறேன்.

விலகலின்போது மூளைத்தண்டில், உடலைப் பரபரப்பாக்கும் நார்அட்ரினலின் சுரக்கும் பகுதி கட்டவிழ்ந்து ஓடுகிறது. நாடி கூடுவதும், வியர்ப்பதும், தோல் ரத்தக்குழாய் சுருங்கி விரல் குளிர்வதும் அதன் விளைவு. ஓபியாய்டு ஏறினால் நேர் எதிர். மாசச்சூசெட்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவில் ஓபியாய்டு ஊசி பெற்றவர்கள் கையில் உணரி கட்டிப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது: மருந்து ஏறியதும் கை அசைவு குறைந்தது, தோல் வெப்பம் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் அது கதகதப்பான மருத்துவமனை அறை. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜனவரி இரவில் வெளியே நடந்தாலே மணிக்கட்டுத் தோல் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். விலகல் காட்டும் இறக்கமும் குளிர் காட்டும் இறக்கமும் வரைபடத்தில் ஒரே கோடுதான்.

அதனால் வெப்ப உணரி இரண்டு வேண்டும். ஒன்று தோலைத் தொட்டு உள்பக்கம், இன்னொன்று பட்டையின் வெளிப்பக்கம் காற்றைப் பார்த்து. டி.எம்.பி. 117 சில்லு −20 முதல் 50 டிகிரி வரை 0.1 டிகிரி பிசகுக்குள் நிற்கும், இந்த வேலைக்குத் தாராளம். வெளிக்காற்று மாறாமல் தோல் மட்டும் குளிர்ந்தால்தான் அது செய்தி. இரண்டும் சேர்ந்து இறங்கினால் ஆள் வாசலுக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நாடிக்குப் பச்சை ஒளி உணரி, தோலில் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அலையாகப் படிப்பது. குளிரில் தோல் ரத்தக்குழாய் சுருங்கினால் அலையின் உயரம் குறைந்து இரைச்சலில் மூழ்கிவிடும். மணிக்கட்டை விட்டுவிட்டு மேல்கைக்குப் போங்கள். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே, ஸ்வெட்டருக்கு உள்ளே, எலாஸ்டிக் பட்டையில். கதகதப்பு, வெளிச்சக் கசிவு இல்லை, அசைவும் குறைவு. கொழுந்து பறிப்பவர்களுக்கு இது மிக முக்கியம். இரண்டு கையும் ஓயாமல் ஓடும் வேலை. கத்தரியோ அறுவடை இயந்திரமோ பிடித்தால் அதிர்வு வேறு. பறிப்பு தாளமாக நடப்பதால் அந்தத் தாளத்தையே நாடி என்று பட்டை எண்ணிவிடும். நிமிடத்துக்கு 110 என்று காட்டினால் அது இதயமா கையா என்று அசைவு உணரியின் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இரண்டும் ஒரே இடத்தில் உச்சம் காட்டினால் அந்த நிமிடத்தைத் தூக்கிப் போடுங்கள்.

இருப்புக்கொள்ளாமையைப் பிடிக்க இன்னொரு சிறிய அசைவு உணரி கணுக்காலில். விலகலில் உதறுவது கால். கையில் மட்டும் கட்டினால் ராத்திரி முழுக்கக் கால் உதறிக் கிடந்தவர் ‘நன்றாகத் தூங்கினார்’ என்று பதிவாகும்.

#4 எண்கணக்கு

இரண்டாவது கேள்விக்கு. சாதாரண ஸ்மார்ட் வாட்ச் ‘நாடி 78’ என்று முடிந்த எண்ணைத்தான் தரும். நடுவில் எதை வடிகட்டியது, எதை ஊகித்து நிரப்பியது என்று சொல்லாது. மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் கணக்கே மாறலாம். ஆறு வாரத் திட்டத்தின் நடுவில் அளவுகோல் மாறினால் எதோடு எதை ஒப்பிடுவது? மூல அலையைத் தரும் கருவியே வேண்டும்.

ஆய்வாளர்கள் வெகுகாலம் பயன்படுத்தியது எம்பாட்டிகா ஈ4 என்ற கைப்பட்டை. இப்போது அது விற்பனையில் இல்லை. ஆனாலும் அதன் மாதிரி எடுக்கும் வேகங்கள் நல்ல அளவுகோல்: ஒளி அலை 64 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 64 முறை), அசைவு மூன்று அச்சிலும் 32 ஹெர்ட்ஸ், தோல் மின்கடத்தல் 4, வெப்பம் 4. ஓர் எண்ணுக்கு 2 பைட் வைத்தால் நொடிக்கு 128 + 192 + 8 + 8 = 336 பைட், நாளைக்கு ஏறத்தாழ 29 எம்.பி. ஒரு வாரம் சுமார் 203 எம்.பி. சாதாரண மெமரி கார்டு எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வெப்ப உணரியும் கணுக்கால் உணரியும் சேர்த்தாலும் சிக்கல் இல்லை. எனவே நெட்வொர்க்கை நம்பி வடிவமைக்க வேண்டாம்.

64 ஹெர்ட்ஸில் இரண்டு மாதிரிகளுக்கு இடையே 15.6 மில்லிநொடி. துடிப்புக்குத் துடிப்பு மாறுபாட்டைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால், மாறுபாடே 20 மில்லிநொடி இருக்கும் ஒருவரிடம் இந்த இடைவெளி பெரிய பிழை. உச்சியை வளைகோடு பொருத்தித் துல்லியப்படுத்துங்கள், இல்லையென்றால் வேகத்தைக் கூட்டுங்கள்.

பெரிய விஷயம் எச்சரிக்கை மணி. ‘95 சதவீதத் துல்லியம்’ என்று விற்பனையாளர் சொன்னால் மயங்காதீர்கள். 20 பேர், அரை மணிக்கு ஒரு முடிவு என்றால் நாளைக்கு 960 முடிவு. ஒருவருக்கும் விலகல் இல்லாத நாளிலும் 5 சதவீதம் தவறினால் 48 பொய் எச்சரிக்கை. இருக்கும் ஒரு செவிலியர் மூன்றாம் நாளே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பகல் எச்சரிக்கையை அடியோடு நிறுத்துங்கள். இரவு 2 முதல் 5 வரை, கம்பளிக்குள், அசைவில்லாத ஐந்து நிமிடத் துண்டுகளை மட்டும் எடுத்து அவற்றின் நாடியின் இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) கணக்கிடுங்கள். ஆளுக்கு நாளுக்கு ஒரே எண். மலையில் கிடைக்கும் ஆகச் சுத்தமான தரவு அதுதான்.

#5 கூடலூர்_களப்பணி

எண்கணக்கு அண்ணன் சொல்ற இரவுத் தரவுக்கு என் முழு ஆதரவு. பகல்ல என்னென்ன குறுக்கே வரும்னு கொஞ்சம் சொல்றேன், திட்டத்துல சேர்த்துக்குங்க.

பஸ். மேட்டுப்பாளையத்துலேருந்து குன்னூருக்குக் கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது நல்ல ஆளுக்கே குமட்டும், வாயில நீர் ஊறும், முகம் வெளிறும், குளிர் வியர்வை வரும், சிலர் வாந்தி எடுப்பாங்க. உணரில பார்த்தா அச்சு அசல் விலகல். கௌஸ்லயும் வாந்திக்கு 3 புள்ளி போயிடும். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்த எந்த எண்ணையும் முதல் மாத்திரைக்கு ஆதாரமா வைக்கக் கூடாது.

ஏற்ற இறக்கம். லைன் வீட்டுலேருந்து ரோட்டுக்கு வர்றதே 200 படி. அசைவு உணரிக்கு நடைன்னு மட்டும் தெரியும், ஏறுறாங்கன்னு தெரியாது. காற்றழுத்த உணரி ஒண்ணு சேர்த்தா ஏற்றம் தெரிஞ்சிடும், விலையும் அதிகமில்ல.

காட்டுமாடு. சாயங்காலம் தேயிலைக்குள்ள பத்தடி தூரத்துல காட்டுமாடு நின்னா நாடியும் வியர்வையும் எகிறும். கூடலூர், பந்தலூர்ல யானை. பட்டைக்கு அது பயமா ஏக்கமான்னு தெரியாது. எச்சரிக்கை வந்த உடனே ‘மாத்திரை ஞாபகம் வந்துச்சா’ன்னு கேட்டு மெசேஜ் போனா அந்த ஆள் மனசு விட்டுப் போயிடும்.

மின்சாரம். ஜூன் ஜூலையில கூடலூர் பக்கம் மழை பிடிச்சா நாள் கணக்குல கரண்ட் இருக்காது. பழனி மலைப் பக்கம் அது அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும். ஆளுக்கு ஒரு பவர் பேங்க், வாரம் ரெண்டு நாள் மாத்திரை வாங்க வரும்போது இங்கேயே சார்ஜ். குளிர்ல லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உறைபனி விழுற இரவுல ஜன்னலோரம் சார்ஜ் போடக் கூடாது, பேட்டரி கெட்டுப்போகும்.

போன். ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் பல இடத்துல. அதுவும் பிள்ளைங்க கையில.

#6 கோத்தகிரி_மருந்தாளுநர்

உணரி காட்டும் எண்ணை மருந்துச் சீட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். விலகலுக்குத் துணைமருந்தாகக் கொடுக்கும் குளோனிடின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். கை கால் குடைச்சல், தூக்கமின்மை, ஏக்கம் எதையும் அது அவ்வளவாகத் தொடாது. ஆகவே பட்டையில் நாடி 64, ஆள் கட்டிலில் புரண்டுகொண்டிருக்கிறார் என்பது நடக்கக்கூடியதே. புரோப்ரனலால் எடுப்பவர்களிடமும் இதே கதை. ஆஸ்துமாவுக்குச் சால்புட்டமால் இழுப்பவரிடம் எதிர்ப்பக்கம்: நாடி கூடும், விரலும் நடுங்கும்.

தபெண்டடால், டிரமடால் இரண்டுமே ஓபியாய்டு ஏற்பியோடு நிற்பதில்லை. தபெண்டடால் நார்அட்ரினலின் மறுஉறிஞ்சலைத் தடுக்கும். டிரமடால் அதோடு செரட்டோனினையும். ‘ஓபியாய்டு போட்டால் நாடி இறங்கும், விட்டால் ஏறும்’ என்று ஹெராயினை வைத்துப் பழக்கிய நிரலை அப்படியே இவர்களிடம் ஓட்டக் கூடாது. டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. அதிக அளவில் போட்டவர்களிடம் வலிப்பும் வரும். அசைவு உணரி அதைக் காட்டினால் ‘இருப்புக்கொள்ளாமை’ என்று பதியப்படும் அபாயம் இருக்கிறது.

மதுவை மறந்துவிடாதீர்கள். மாத்திரையோடு மதுவும் சேர்ந்து நிறுத்தப்பட்டால் நாடி, வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை அனைத்தும் இரண்டுக்கும் பொது. ஓபியாய்டு விலகல் கொடிய வேதனை, ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை. மது விலகல் வலிப்பிலும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும் சித்தக் கலக்கத்திலும் கொண்டுபோய் விடும். பட்டையால் இரண்டையும் பிரிக்க முடியவே முடியாது. பட்டை கட்டும் முன் மதுக் கேள்வியைக் கேளுங்கள், கடைசியாகக் குடித்த நாளை அட்டையில் எழுதுங்கள். டயசிபம் வகை மாத்திரைக்கும் அதே கேள்வி.

#7 குன்னூர்_செவிலியர்

மிகவும் நன்றி. மேல்கைப் பட்டை, கணுக்கால் உணரி, இரவு 2–5 எல்லாம் வரைவில் சேர்த்தாயிற்று. ஒரு சந்தேகம்: ஏற்கெனவே மாத்திரைப் பழக்கத்தில் இருப்பவருக்கு ‘இயல்பு நிலை’ எதை வைத்து எடுப்பது? மேல்கையில் தோல் மின்கடத்தல் சரியாக வருமா?

#8 எண்கணக்கு

பழக்கத்தில் இருக்கும்போது எடுத்த எண் இயல்பு அல்ல, சரியான கேள்வி. சிகிச்சை அளவு நிலைப்பட்ட பிறகு, அதாவது அளவு மாற்றம் இல்லாத ஏழு முழு நாள் கிடைத்ததும், அந்த ஏழு இரவின் இடைநிலை எண்ணை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அடித்தளமாக வையுங்கள். ஊர் சராசரி, வயதுச் சராசரி எதுவும் வேண்டாம். ஓர் இரவின் எண் அடித்தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை இடைநிலை விலக்கத்தால் அளக்கவும். சராசரியும் திட்ட விலக்கமும் ஒரே ஒரு கெட்ட இரவால் குலைந்துவிடும். சமவெளிக்கு இறங்கி நான்கு நாள் தங்கிவிட்டு ஏறியவருக்கு முதல் இரண்டு இரவைக் கணக்கில் எடுக்காதீர்கள், உயரம் ஏறினாலே நாடி சற்றுக் கூடும்.

முதல் மாத்திரை நாளுக்கு இந்த அடித்தளம் இருக்காது. அன்றைக்கு, டாக்டர் சொன்ன 20 நிமிட ஓய்வுக்குப் பின் வரும் எண்தான் அவருக்கு அவரே அளவுகோல். அதன் பிறகு பார்க்க வேண்டியது கோட்டின் சாய்வு. தானாக வரும் விலகல் மணிக்கணக்கில் மெல்ல ஏறும். மாத்திரை தூண்டிய விலகல் ஒரு மணி நேரத்துக்குள் செங்குத்தாக ஏறும். இந்த ஓரிடத்தில் நேரடிக் கண்காணிப்பு உண்மையிலேயே உதவும்.

#9 பட்டைப்_பொறியாளர்

தோல் மின்கடத்தல் பற்றி. வெளிப்படையாகச் சொன்னால், மலையில் இந்த ஒன்றை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. வியர்வைச் சுரப்பி அடர்த்தி உள்ளங்கையிலும் விரலிலும்தான் அதிகம். மணிக்கட்டில் குறைவு, மேல்கையில் இன்னும் குறைவு. குளிர் வறண்ட காற்றில் தோல் காய்ந்து 1 மைக்ரோசீமன்ஸுக்கு (மின்கடத்தலின் அலகு) கீழே தட்டையாகக் கிடக்கும். பனிமூட்டத்தில் நனைந்தால் பட்டைக்கடியில் தண்ணீர் புகுந்து திடீரென 20 என்று காட்டும். இரண்டுமே உணர்ச்சி அல்ல, வானிலை.

#10 கொடை_மனநல_மருத்துவர்

பகலில் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறைக்குள், முதல் மாத்திரை நாளில் மட்டும், உள்ளங்கையில் ஒட்டிப் பாருங்கள் தம்பி. மூன்று மணி நேரம் பக்கத்திலேயே செவிலியர் இருக்கிறார், கம்பளி இருக்கிறது, அறை வெப்பம் தெரியும். தூண்டப்பட்ட விலகலில் வியர்வை ஆரம்பத்திலேயே எழும். குளோனிடின் நாடியை மறைத்துவிட்ட ஆளிடம் இன்னொரு சாட்சி இருப்பது நல்லது.

#11 பட்டைப்_பொறியாளர்

டாக்டர் சொல்வது நியாயம். அறைக்குள் என்றால் சரி, மாற்றிக்கொள்கிறேன். அப்படியானால் முறையாகச் செய்வோம்.

மின்முனை வெள்ளி–வெள்ளிக் குளோரைடு, 8 மி.மீ. விட்டம். உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டிலும் சுண்டுவிரல் மேட்டிலும் ஒவ்வொன்று. 0.5 வோல்ட் மாறா மின்னழுத்தம். உப்புக் குறைந்த மின்கடத்தல் பசை, அதாவது 0.5 சதவீதச் சோடியம் குளோரைடு. இ.சி.ஜி. பசையில் உப்பு அதிகம், அளவைத் தூக்கிக் காட்டும். ஒட்டும் முன் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். ஸ்பிரிட் போட்டால் தோல் காய்ந்து முதல் அரை மணித் தரவு வீண். ஒட்டியபின் 15 நிமிடம் பொறுத்துத்தான் பதிவு.

கருவி உண்மை சொல்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதியுங்கள். ஒரு சதவீதப் பிசகுக்குள் நிற்கும் மின்தடை மூன்று வாங்கி வையுங்கள்: 1 மெகா ஓம், 200 கிலோ ஓம், 100 கிலோ ஓம். ஆளுக்குப் பதில் அவற்றை மின்முனைக் கம்பியில் மாட்டினால் முறையே 1, 5, 10 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். 5க்குப் பதில் 4.2 காட்டினால் கம்பியின் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலை ஈரத்தில் செம்பு இணைப்புகள் சீக்கிரம் களிம்பேறும். மின்முனையைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

கடிகாரமும் அப்படியே. மலிவான சில்லின் உள்கடிகாரம் வெப்பம் மாறினால் ஓட்டமும் மாறும். ஆறு வாரத்தில் மாத்திரை நேரமும் உணரி நேரமும் ஒத்துப்போகாது. டி.எஸ். 3231 போன்ற வெப்பம் ஈடுசெய்யும் கடிகாரச் சில்லு நாளுக்கு 0.2 நொடிக்குள் நிற்கும். மாத்திரை நாக்கின் கீழ் வைத்த கணத்தில் பட்டையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே நேரக் குறி.

#12 கூடலூர்_களப்பணி

மூணாவது கேள்வி இன்னும் நிக்குது. ஏக்கத்தை உணரி பிடிக்குமா?

#13 கொடை_மனநல_மருத்துவர்

பிடிக்காது. உடல் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அது ஏக்கமா, சண்டையா, கூடலூர்த் தம்பி சொன்ன காட்டுமாடா என்பதை ஆளைக் கேட்டால்தான் தெரியும். எனவே கேட்கும் முறையில்தான் கவனம் வேண்டும்.

நம் மக்கள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ‘உடம்பு கேக்குது’ என்பார்கள், ‘மனசு கேக்குது’ என்பார்கள். முதலாவது விலகல், இரண்டாவது ஏக்கம். மொழிபெயர்த்த நீளமான கேள்வித்தாள் எதுவும் இவ்வளவு தெளிவாகப் பிரிக்காது. ‘உடம்பு எவ்வளவு கேக்குது? மனசு எவ்வளவு கேக்குது?’ இரண்டே கேள்வி, 0 முதல் 10. நாளுக்கு நான்கு முறை. அதில் ஒன்று கட்டாயம் மாத்திரைக்குச் சற்று முன்.

பயன் எங்கே என்றால், நேரத்தில். விடியற்காலை 4 மணிக்கு இரவு நாடி ஏற ஆரம்பிக்கிறது, கணுக்கால் உதறுகிறது, காலையில் ‘உடம்பு’ 6, மாத்திரைக்குப் பிறகு 1. இந்த வடிவம் மூன்று நாள் தொடர்ந்தால் மருந்தளவு 24 மணி நேரம் தாங்கவில்லை. அளவைக் கூட்டுவது பற்றியோ பிரித்துக் கொடுப்பது பற்றியோ மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இரவு எண் அமைதி, ‘உடம்பு’ 0, ஆனால் மாலை 6 மணிக்கு ‘மனசு’ 8, அதுவும் சம்பள நாளில், அதே பஸ் நிறுத்தத்தில். இங்கே மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை, ஆலோசகரின் வேலை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் இந்தப் பட்டைக்கே நான் ஆதரவு தருகிறேன். இல்லையென்றால் நோயாளி ‘ஏக்கமா இருக்கு’ என்பார், நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

அளவைக் கூட்டும் முன் மாத்திரையை எப்படி வைக்கிறார் என்றும் பாருங்கள். நாக்கின் கீழ் 5 முதல் 10 நிமிடம் முழுதும் கரைய வேண்டும். வாய் காய்ந்திருந்தால் முன்னால் ஒரு வாய் தண்ணீர். பாதியில் விழுங்கிவிட்டால் அளவில் பெரும்பகுதி வீண்.

#14 எண்கணக்கு

கேள்வியை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புவதானால்: தமிழ் எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 70 குறிகள்தான். ‘க்’ இரண்டு குறி, ‘கொ’ இரண்டு குறி. தாண்டினால் இரண்டாக உடையும், சிக்னல் மோசமான பள்ளத்தாக்கில் பிற்பாதி வராமலே போகலாம். ‘மாலை 6 மணிக்குப் பேசலாமா? சரி என்றால் 1 அனுப்பவும்.’ இது 51 குறி. போன் யார் கையில் இருந்தாலும் எதையும் காட்டிக்கொடுக்காது. மருந்து, போதை, மீட்பு என்ற சொல் எதுவும் செய்தியிலோ அனுப்புநர் பெயரிலோ வரக் கூடாது.

#15 கோத்தகிரி_மருந்தாளுநர்

அதையொட்டி ஒன்று. பட்டையின் மேல் பெயர் வேண்டாம், பிரிவின் முத்திரை வேண்டாம், எண் மட்டும். இடங்காட்டி வசதி அறவே வேண்டாம். மாத்திரை எங்கே வாங்குகிறார் என்று தேடும் கருவியாக அதை யாராவது மாற்ற நினைத்தால் நோயாளிகள் அத்தனை பேரும் மறுநாளே பட்டையைக் கழற்றி எறிவார்கள், சிகிச்சையையும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவலுக்கு ரகசியக் காப்பு தருகிறது. தாமாகச் சிகிச்சைக்கு வருபவர்களை வழக்கிலிருந்து காக்கும் 64ஏ பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே உண்டு. இரண்டையும் பட்டை கட்டும் முன் எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும்.

ஒப்புதல் தாளில் தடித்த எழுத்தில் ஒரு வரி: பட்டையைக் கழற்றினாலும் மாத்திரை நிற்காது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. தோட்டத்து மேற்பார்வையாளருக்கோ வீட்டாருக்கோ தரவு போகாது என்பதும் அங்கேயே.

#16 குன்னூர்_செவிலியர்

அந்த வரி முதல் பக்கத்திலேயே வரும். தோல் தடிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே? ஸ்வெட்டருக்குள் நாள் முழுக்க என்றால் அரிக்காதா?

#17 பட்டைப்_பொறியாளர்

அரிக்கும். சிலிகான் பட்டையைவிடத் துணி எலாஸ்டிக் மேல். ஆளுக்கு இரண்டு கொடுத்து மாற்றி மாற்றித் துவைக்கச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும். சுண்டுவிரல் நுழையும் இறுக்கம். தினம் ஒரு மணி நேரம் கழற்றி, மறுநாள் அடுத்த கையில் கட்ட வேண்டும். சிவந்தால் அந்த இடத்தில் மூன்று நாள் கட்டாதீர்கள். எந்தக் கை என்பதை அட்டையில் குறிக்க மறக்க வேண்டாம், கை மாறினால் அலை உயரமும் கொஞ்சம் மாறும்.

ஆக்சிஜன் அளவையும் இதே பட்டையில் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உதகை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. நல்ல ஆளுக்கே அளவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். கருத்த தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் என்பதும் 2020 ஆய்விலிருந்து தெளிவு. ஒன்று பொய்யாகப் பயமுறுத்தும், மற்றது பொய்யாகத் தைரியம் சொல்லும். பட்டையின் ஆக்சிஜன் எண்ணை மூச்சுத் தணிவுக்குக் காவலாக வைக்காதீர்கள்.

#18 கொடை_மனநல_மருத்துவர்

இன்னும் ஒன்று சிஸ்டர், இதை எச்சரிக்கை முறையில் முதலாவதாக வையுங்கள். பட்டை மௌனமாகும் நாள்.

சிகிச்சையை விட்டுவிட்ட ஒருவருக்கு உடலின் தாங்குசக்தி சில நாளிலேயே குறைந்துவிடும். பழைய அளவை அப்படியே மறுபடி போட்டால் மூச்சு நின்றுபோகும். மதுவோ டயசிபமோ சேர்ந்தால் இன்னும் வேகமாக. இறப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகிறது. அதனால் நாடி 10 கூடியவரைவிட, மாத்திரை வாங்க வர வேண்டிய நாளில் வராமல், தரவும் வராமல் இருப்பவரே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர். பேட்டரி தீர்ந்திருக்கலாம், வேலைக்குச் சமவெளி போயிருக்கலாம். இருந்தாலும் ஒரு போன், கிடைக்காவிட்டால் அன்றே ஒருவர் நேரில். கண்டிக்கப் போகவில்லை, பார்க்கப் போகிறோம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஊசி பிரிவில் இருக்கட்டும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். ஓபியாய்டு அதைவிட நீண்டு நின்றால் மூச்சு மறுபடி தணியும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 12க்குக் கீழே இறங்கினால் அவசரம். அதை எண்ண உணரி வேண்டாம், கையில் ஒரு கடிகாரம் போதும்.

#19 கூடலூர்_களப்பணி

நேர்ல போற ஆளுக்கு லைன் வீட்டுக் கதவு எண் தெரிஞ்சிருக்கணும்; பல வீட்டுக்கு முகவரின்னு ஒண்ணும் இருக்காது. பட்டை கட்டுற அன்னைக்கே ‘எந்தப் பிரிவு, எத்தனாவது லைன், எத்தனாவது கதவு, பக்கத்துல யார்கிட்ட கேட்கலாம், யார்கிட்ட கேட்கக் கூடாது’ன்னு அவங்க வாயாலேயே கேட்டு எழுதிக்குங்க அக்கா. அந்தக் கடைசிக் கேள்விய விட்டுடாதீங்க.

#20 குன்னூர்_செவிலியர்

எழுதிக்கொண்டேன் தம்பி. வரைவில் மாற்றியவை: பகல் எச்சரிக்கை நீக்கம், மௌன எச்சரிக்கை முதலிடம், கடைசியாக மது குடித்த நாள் அட்டையில், மின்கணப்பு ஒன்று, மின்தடை மூன்று. முகவரி அட்டையின் மாதிரியை இங்கேயே போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.